சுந்தரராஜன் வீட்டுத் தணிக்கைத் துறை

பவானிபூர் சுந்தரராஜன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுத் தணிக்கை அதிகாரியாகப் பதவியேற்றுக்கொண்டார். யாரும் அழைக்கவில்லை. அவராகவே ஏற்றுக்கொண்டார்.

"இனிமே இந்த வீட்ல யார் எந்த வீடியோ பாக்கலாம்னு நான்தான் முடிவு பண்ணுவேன். உன் போன்ல பூட்டு ஆப் போட்டாச்சு. எதைப் பாக்கணும்னாலும் என் அனுமதி வேணும்."

"சரின்னா," என்றாள் வத்சலா.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் சரி சொன்னதில்லை. அப்போதே மனுஷர் சுதாரித்திருக்க வேண்டாமோ? பெருமையில் இன்னொரு காபி கேட்டார்.

அவர் போனுக்கு மட்டும் பூட்டு கிடையாது. காரணம் உண்டு. பூண்டுகூட நுழையாத அந்த வீட்டில், குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, ஊர் வங்காளிகள் கொண்டாடும் இலிஷ் மீன் கடுகெண்ணெயில் பொரிகிற வீடியோவைப் பார்த்து உருகுவார். சத்தியமாகச் சாப்பிட்டதில்லை. பார்ப்பதோடு சரி.

மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் போன் அதிர்ந்தது. 'வாழைப்பூ ஆய்வது எப்படி? அனுமதிக்கவா?' அனுமதித்தார். 'மோர்க்குழம்பு திரியாமல் இருக்க?' அதையும் அனுமதித்தார். 'குக்கரில் விசில் வரவில்லையா?' 'அடைத்த சிங்க்கைச் சரிசெய்ய.' மேனேஜர் கவலையோடு குனிந்து, "எனிதிங் சீரியஸ், சுந்தர் பாபு?" என்றார். சுந்தரராஜன் போனை அணைத்துவிட்டார்.

சாயங்காலம் பசியோடு வந்து உட்கார்ந்தவர் முன்னால் வெறும் தட்டு.

"சாப்பாடு எங்கேடி?"

"குழம்பு பாதியில நிக்கறதுன்னா. அடுத்தது என்ன பண்ணணும்னு பாக்க அனுமதி கேட்டேன். நீங்க பதிலே அனுப்பலை."

"இத்தனை வருஷமா வீடியோ பாத்தா மோர்க்குழம்பு வெச்சே?"

"மறந்து போறதே. வயசாறதோன்னோ."

"அம்மா தாயே, அந்தப் பொறுப்பை நீயே வெச்சுக்கோ." ஆப்பில் தலைமையை அவள் பெயருக்கு மாற்றினார். அடுத்த நிமிஷம் தட்டில் சுடச்சுட சாதம், மோர்க்குழம்பு, வாழைப்பூ உசிலி. தலைமை மாறினால் பழைய தலைவரின் போனும் பூட்டுக்குள் போய்விடும் என்று ஆப் பொடி எழுத்தில் சொல்லியிருந்தது. பசியில் அதை யார் படிக்கிறார்கள்?

ஏப்பத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். போனில் மீன் வீடியோவைத் தொட்டார். 'இலிஷ் மீன் வறுவல்: வத்சலாவிடம் அனுமதி கேட்கப்பட்டுள்ளது' என்றது போன்.

கதவுக்கு வெளியே வத்சலாவின் குரல் நிதானமாக வந்தது.

"பத்து நிமிஷம் குடுத்திருக்கேன். ஆனா அதை ஆத்துக்குள்ள பாக்கப்படாது. வாசல்ல செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்து பாருங்கோ. முடிஞ்சதும் நேரா வந்து தலைக்குக் குளிச்சுடுங்கோ."