தொப்பிக்காரரே, அது என்ன தூள்?

நீர் ஒரு ஏமாற்றுக்காரர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு டிவியில் இந்தியில் சமைத்துக் காட்டுகிறீரே, உம்மைத்தான் சொல்கிறேன். உம்மால் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

இராஜபாளையத்தில் உம்மை நம்பியவர் ஒரே ஒருவர்தான். ஆனால் அவர் நம்பிய அளவுக்கு உம்மைப் பெற்ற தாய்கூட நம்பியிருக்க மாட்டார். அவர் எங்கள் நூல் மில்லில் ஃபிட்டர். எனக்கு அடுத்த வீடு. ஊரே அவரை ஸ்பேர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயர் வந்ததற்கும் நீர்தான் காரணம்.

அடுப்பில் ஒரு பாத்திரத்தை வைப்பீர். ஒரு கிண்டு கிண்டுவீர். உடனே மேசைக்கு அடியிலிருந்து வெந்து முடிந்த இன்னொரு பாத்திரத்தை எடுத்துக் காட்டிச் சிரிப்பீர். "இது ஊரை ஏய்க்கிற வேலை அண்ணாச்சி" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

"ஏலே, மில்லுல ஸ்பேர் இல்லாம ஒரு மிஷினாவது ஓடுதா? மேல ஒண்ணு வேகும்போதே கீழ ஸ்பேர் வச்சிருக்காரு. வெவரமான ஆளுலே!"

அன்றிலிருந்து அவர் எதைச் செய்தாலும் இரண்டு சட்டி. ஒன்று அடுப்பில், ஒன்று மேசைக்கு அடியில். வீட்டில் இருப்பதோ அவரும் மதினியும் மட்டும். ஆகவே அடியில் இருந்த சட்டி தெருவுக்கு வரும். அண்ணாச்சி சட்டியோடு வாசலில் இறங்கினால் போதும், எதிர்வீட்டுக்காரர் விரதம் என்பார். வாரத்தில் ஏழு நாளும் விரதம் இருந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

அண்ணாச்சிக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. டிவியும் கறுப்பு வெள்ளை. ஒரு நாள் நீர் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு குழம்பு வைத்தீர். தக்காளியா, கீரையா? அவர் கலங்கவே இல்லை. மேல் சட்டியில் தக்காளி, கீழ்ச் சட்டியில் கீரை. "ரெண்டுல ஒண்ணு அவரு வச்சதுதாம்லே" என்று நிம்மதியாகத் தூங்கினார்.

உம்மைப் போலத் தொப்பி வேண்டுமே! மதினி பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கிருந்து வந்த காஸ் துணியில் கஞ்சி போட்டு விறைப்பாக ஒன்று செய்துகொண்டார். பார்த்தால் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தவர் மாதிரி இருப்பார். பாலைத் திரியவைத்து வடிகட்டுவதும் அதே துணியில்தான்.

"ஏங்க, புண்ணுக்குக் கட்டுற துணியில பால வடிகட்டுதீகளே, நல்லாவா இருக்கு?"

"ஏட்டி, இதவிடச் சுத்தமான துணி உலகத்துல உண்டா?"

இப்படி இருக்கும்போதுதான் எனக்குப் பெண் பேசினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பால்கோவா போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் அம்மா இல்லை, அப்பாவும் நானும்தான். பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் அண்ணாச்சி தொப்பியோடு எங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டார்.

"அவிய பால்கோவாக்காரவுகன்னா, நாம பால்லயே ஒண்ணு செஞ்சு அசத்தணும்லே. போன வாரம்தான் காட்டுனாரு. பால்ல வெள்ளை உருண்டை மெதக்கும். மேல ஒரு தூள்."

"என்ன தூள் அண்ணாச்சி?"

"மொளகுதான். தூவிட்டு மோந்து பாத்து மூக்கைச் சுருக்குனாருல்லா!"

பெண்ணின் அப்பா முதல் உருண்டையை வாயில் போட்டார். முப்பது வருஷமாகப் பால் காய்ச்சுகிற மனிதர். கண் கலங்கியது. காது சிவந்தது. பிறகு வாயிலிருந்து ஒரு நூலை இழுத்தார். இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். காஸ் துணி பிரிந்து உருண்டைக்குள் போயிருக்கிறது. கூட வந்தவர்கள் எல்லோரும் தையல் பிரிக்கிறதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி பதறவில்லை. குனிந்து மேசைக்கு அடியிலிருந்து இரண்டாவது சட்டியை எடுத்தார். "ஸ்பேர் இருக்கு, இதச் சாப்பிடுங்க." அதிலும் மிளகு.

"போயிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்து போய்விட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். நான் அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இனி என் வாசலை மிதிக்காதீர் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறியிருக்கிறார். நேராகப் பெண் வீட்டு அடுப்படியில் போய் நின்றிருக்கிறார்.

"தப்பு எம்மேலதான். அந்தப் பயலுக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது. அவனுக்குப் போயி பொண்ணு இல்லேன்னுராதீக."

பெண்ணின் அப்பா பெரிய கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "கிண்டும். பால் எப்பிடி இனிக்கும்னு தெரிஞ்சுக்கிரும்."

அண்ணாச்சி பொழுது சாய்கிறவரை விறகடுப்பு முன்னால் நின்று கிண்டியிருக்கிறார். அடி பிடிக்கவிடவில்லை. ஒரு வாய் மோர் மட்டும் வாங்கிக் குடித்தாராம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெண்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"யப்பா, அடுத்த வீட்டு ஆளு அவருக்காக வந்து இம்புட்டு நேரம் அனல்ல வேகுதாரு. அப்ப மாப்பிள்ளை நல்லவராத்தான் இருப்பாரு. நான் கெட்டிக்கிடுதேன்."

கல்யாணம் நடந்தது. அவள்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறாள். ஆனால் அண்ணாச்சி அதற்கப்புறம் அடுப்பைத் தொடவில்லை. அந்தத் தூள் என்ன என்று தெரியாமல் கரண்டி பிடிக்க மாட்டாராம். உமக்கு மூன்று கார்டு போட்டார். பதில் இல்லை. என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"அது பிஸ்தா, அண்ணாச்சி."

"நீ சொன்னா ஆச்சா தாயி? அவரு வாயால சொல்லட்டும்."

இப்போது தெருவில் எல்லா வீட்டிலும் கலர் டிவி. நீரும் கலரில் வருகிறீர். அண்ணாச்சி ஞாயிறு தவறாமல் பார்க்கிறார். முன்போலக் குறித்துக்கொள்ளக் கையில் நோட்டு இல்லை. பார்த்து முடித்ததும் எழுந்து போய் மதினி வைத்த ரசத்தைச் சாப்பிடுகிறார். எதிர்வீட்டுக்காரர்கூட ஒரு நாள் என்னிடம் வந்து, "என்னய்யா, அடியில ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகவே பதில் சொல்லும். எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதே மேசைக்கு முன்னால் நின்று, ஊரே கேட்கிற மாதிரி சொல்லும். ஒரே ஒரு வார்த்தைதான், அதைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டு வாரும். பிஸ்தா என்று சொன்னீரோ, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மிளகு என்று சொல்லும்.