பெஹாலாவுக்குப் பூஜ்யம்

கல்யாண வீட்டில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். சாம்பாரில் உப்பு குறையலாம், போட்டோக்காரர் தாமதமாக வரலாம், மாமா ஒருவர் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பலாம். மார்க் மட்டும் போடக்கூடாது. இந்த ஞானம் எனக்கு என் சொந்தக் கல்யாணத்தில், சொந்த அப்பாவை வைத்து வந்தது.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் வருஷா வருஷம் நாடுகளுக்கிடையே ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. புகை, நெருப்பு, ஜிகினா, முடியைப் பறக்கவிட ஒரு ராட்சத ஃபேன், நமக்கு ஒரு எழுத்தும் விளங்காத பாஷையில் உயிரைக் கொடுத்துப் பாடும் ஜனங்கள். வங்காளத்தில், ஜாதவ்பூரில் படித்த காலத்தில் ஒரு தோழியின் லேப்டாப்பில் பார்த்து எனக்குத் தொற்றிக்கொண்டது. அங்கே சனிக்கிழமை இரவு நடப்பதை நான் இங்கே ஞாயிறு காலை, யாரும் முடிவைச் சொல்லிவிடக்கூடாதே என்று போனை அணைத்துவிட்டு, இட்லித் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பேன்.

பாட்டைவிட எனக்கு உயிர், கடைசியில் வரும் மார்க் படலம். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவர் திரையில் தோன்றி வணக்கம் சொல்லி மார்க்கை அறிவிப்பார். பன்னிரண்டு, பத்து, எட்டு, ஏழு என்று ஒன்று வரை இறங்கும். பத்துப் பாட்டுக்குத்தான் மார்க், மற்றதற்கு ஒன்றும் கிடையாது. சொந்த நாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ளவும் முடியாது. பக்கத்து நாட்டுக்காரர் போடாவிட்டால் மனஸ்தாபம். (பந்தியில் யாரை முதலில் உட்காரவைத்தார்கள் என்று நாம் பார்ப்போமே, அதேதான்.)

பார்த்தோவை நான் காதலித்ததற்கு ஒரு காரணம், அந்த மார்க் படலத்தை அவன் என்னோடு இரண்டு முறை தூங்காமல் பார்த்தான். அவன் ஜாதவ்பூர் வங்காளி. நாங்கள் அதே நகரத்தின் இன்னொரு மூலையில், பெஹாலாவில் குடியிருக்கும் தமிழர்கள். அப்பா கார்டன் ரீச் பக்கம் ஒரு மத்திய அரசு ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். மீட்டிங் குறிப்பு எழுதுவதில் மன்னன். அவருடைய பெங்காலி, பஸ் கண்டக்டரிடம் சண்டை போடப் போதும். அதற்கு மேல் போகாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் இரு வீட்டாரும் மண்டபத்தில் கூடினார்கள். சாப்பாடானதும் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் பெங்காலி என்று ஹால் இரண்டாகப் பிளந்து கிடந்தது. விடுவேனா நான்? இரண்டு மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருந்த பாட்டுப் போட்டியை அவிழ்த்துவிட்டேன். ஆறு மேஜைகள், ஆறு ஊர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜாதவ்பூர், அவன் அம்மா வழி ஹவுரா, அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் கார்டன் ரீச், அத்தை குடும்பம் திருச்சி, மாமா குடும்பம் சென்னை, நாங்கள் பெஹாலா. மொத்தம் பதினாலு பேர் பாடுவதாகப் பெயர் கொடுத்தார்கள். சுவரில் சார்ட் ஒட்டி, ஜிகினா கவுன் போட்டுக்கொண்டு, பெடஸ்டல் ஃபேனை என் முகத்துக்கு நேரே திருப்பிவைத்து மைக்கைப் பிடித்தேன். (அந்த போட்டோக்களை இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை.)

பெஹாலா சார்பாக முதலில் வந்தவர் அப்பா. எனக்கே ஆச்சரியம். வீட்டில் அவர் முணுமுணுத்துக்கூடக் கேட்டதில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, ஒரு பழைய வங்காளப் படகோட்டிப் பாட்டை ஆரம்பித்தார். ஆரம்பித்த சுருதிக்கு மேலே போக இடமே இல்லை. பாட்டோ மேலே போகிற பாட்டு. பாதி வழியில் படகு ஒரு பக்கம், படகோட்டி ஒரு பக்கம் என்று ஆகி, எப்படியோ கரை சேர்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மார்க் படலம் வந்தது. ஒவ்வொரு மேஜையிலிருந்தும் ஒருவர் எழுந்து, "வணக்கம் பெஹாலா, இது திருச்சி" என்று ஆரம்பிக்க, நான் சொர்க்கத்தில் இருந்தேன். திருச்சி தன் பன்னிரண்டை ஹவுராவுக்குக் கொடுத்தது. ஹவுரா சென்னைக்கு. சென்னை ஜாதவ்பூருக்கு. ஹாலில் இருந்த கோடு அழிந்து, மாமாவும் பார்த்தோவின் காக்குவும், அதாவது கோகோன் சித்தப்பாவும், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆகா, ஐரோப்பாவையே பெஹாலாவுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில்தான் மைக்கில் கத்தினேன்.

"இந்தப் போட்டியோட சரித்திரத்துல ஒரு பெருமை உண்டு. ஒருத்தர்கிட்டயும் ஒரு பாயின்ட்கூட வாங்காம இருக்கிறது. இன்னிக்கு அந்தப் பெருமை யாருக்குன்னு பாப்போம். பெஹாலா நம்பர் ஒன், பூஜ்யம்!"

சொன்ன பிறகுதான் சார்ட்டில் அந்த நம்பருக்கு நேரே இருந்த பெயரைப் பார்த்தேன். பெயரைப் பார்த்த பிறகுதான் அப்பாவைப் பார்த்தேன். சந்தேஷ் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தவர், கடித்த பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். என் முடி மட்டும் இன்னும் ஃபேன் காற்றில் ஜோராகப் பறந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே வீட்டுக்கு ஓடினேன். அப்பா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அம்மா என் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திணித்தாள். பின்பக்கத்தில் அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில் அந்த வங்காளப் பாட்டு முழுவதும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. எங்கே மூச்சு விடவேண்டும் என்பதற்குச் சிவப்பு மையில் கோடு வேறு. இரண்டு மாதமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் பழகியிருக்கிறார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்னது இது. "பொண்ணு இனிமே அவங்க பாஷையில சிரிக்கணும், அழணும். நான் ஒரு பாட்டாவது பாட வேண்டாமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி, இப்படிப்பட்ட மனுஷனையா மைக் வைத்து மானத்தை வாங்கினேன்! கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். உள்ளேயிருந்து நிதானமான ஆபீஸ் குரல் வந்தது.

"நாளைக்குத் தாரை வார்த்துக் கொடுக்க என் தம்பியை உக்காரச் சொல்லிடு. அத்தனை பேர் முன்னாடி திரும்ப வந்து நிக்க எனக்கு முகம் இல்லை."

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. அப்பா இல்லாமல் மணையில் உட்காருவதை நினைக்கவே முடியவில்லை. ஆத்திரத்தோடு ஒவ்வொரு மேஜைக்கும் போன் போட்டேன். எங்கப்பாவுக்கு ஒரு மார்க், ஒரே ஒரு மார்க் போட்டால் குறைந்தா போவீர்கள் என்று கேட்டேன்.

கிடைத்த பதில்களைக் கேளுங்கள். திருச்சி அத்தைக்கு, கூடப்பிறந்த அண்ணனுக்கு மார்க் போட்டால் சொந்தத்துக்குப் போட்டாள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற கவலை. சென்னை மாமா, மாப்பிள்ளை வீட்டாரை முதலில் கவனிப்போம், மச்சான் நம்ம ஆள்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார் என்று விட்டாராம். கார்டன் ரீச் நண்பர்களுக்கு, ரிட்டயர் ஆன பிறகும் அதிகாரியைக் காக்கா பிடித்த பெயர் வேண்டாமாம். ஹவுராக்காரர்கள், விருந்து வைக்கிறவர் எப்படிப் போட்டியில் இருக்க முடியும், அவர் சும்மா ஆரம்பித்து வைத்தார் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் பெஹாலா மேஜை போட்டிருக்கும், ஆனால் விதி விடவில்லை. அந்த விதியைக் கொண்டுவந்த மகராசி நான்தான்.

கோகோன் காக்கு மட்டும், நேரில் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில், மீதி நாலு மேஜையிலிருந்தும் ஒவ்வொருவரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறங்கினார். அப்பா கதவைத் திறந்தார். ஐந்து பேரும் வரிசையாக நின்று காரணம் சொன்னார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்றார். முகம் இளகவில்லை. கடைசியாகக் காக்கு பேசினார். அவர் பெங்காலியில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"அண்ணா, மார்க் எல்லாம் விருந்தாளிக்குப் போடறது. நீங்க பாட ஆரம்பிச்சதும் எங்கண்ணி அழ ஆரம்பிச்சுட்டாங்க. இவர் இனிமே நம்ம வீட்டு ஆள், நம்ம ஆளுக்கு நாமே போடக்கூடாதுன்னு சட்டம் இருக்கேன்னு சொல்லி, லிஸ்டுல இருந்து உங்க பேரை அவங்கதான் அடிச்சாங்க."

அண்ணி என்றது பார்த்தோவின் அம்மாவை. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அஞ்சு ஊரும் ஒரே முடிவா?"

"ஆமாம்பா."

"ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலையா?"

"இல்லப்பா."

"அப்ப இது தோல்வி இல்லைம்மா. ஏகமனதாக நிறைவேற்றப்பட்ட தீர்மானம்."

முப்பத்திரண்டு வருஷ சர்வீசில் ஒரு மீட்டிங்கிலும் எழுதக் கிடைக்காத வார்த்தையாம் அது. சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அம்மா காபி போட உள்ளே போனாள். மறுநாள் காலை அப்பா என் கையைப் பிடித்துப் பார்த்தோவின் கையில் வைத்தபோது, மந்திரத்துக்கு நடுவே காக்கு "பாரோ!" என்று கத்தினார். பெங்காலியில் பன்னிரண்டு. புரோகிதர் இரண்டு வரி பின்னால் போய்த் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்த ஐரோப்பியப் போட்டி முடிந்த ஞாயிறு மதியம் எங்கள் பெஹாலா வீட்டிலும் போட்டி நடக்கிறது. ஊர்க்காரர்கள் வீடியோ காலில் வருவார்கள். அப்பா அதே படகோட்டிப் பாட்டைப் பாடுவார். அவருக்கு யாரும் மார்க் போடக்கூடாது, அதுதான் மரியாதை. ஒருமுறை விவரம் தெரியாத புது மருமகள் ஒருத்தி சென்னையிலிருந்து மூன்று மார்க் போட்டுவிட்டாள். தன் ரெக்கார்டைக் கெடுக்கச் சதி என்று அப்பா குதித்த குதியில் அந்த மார்க் வாபஸ் ஆனது.

போன வருஷம் எங்கள் நாலு வயது மகள் மிஷ்ட்டி முதல்முறையாக நடுவர் ஆனாள். தாத்தா பாடி முடித்ததும் ஓடிப்போய், பச்சை க்ரேயானால் சார்ட்டில் கோணல்மாணலாக 12 என்று போட்டாள். அப்பா உடனே ஆட்சேபணை எழுப்பினார். பேத்தி பெஹாலா, சொந்த ஊருக்கு ஓட்டுப் போட்டது செல்லாது என்றார். காக்கு திரையிலிருந்து விடவில்லை. ஜாதவ்பூரில் வளரும் பிள்ளை ஜாதவ்பூர்தான், ஓட்டு செல்லும் என்றார். மிஷ்ட்டி எந்த ஊர் என்பது இன்னும் முடிவாகவில்லை. இரண்டு கிழவர்களும் வாரம் ஒருமுறை போனில் வாதாடுகிறார்கள்.

போன மாதம் பெஹாலா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அந்த சார்ட்டைச் சுவரிலிருந்து கிழிக்கப் போனேன். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"அதுதான் செல்லாத ஓட்டாச்சேப்பா" என்றேன்.

"செல்லாதுதான். அது பாட்டுக்கு இருக்கட்டும், அதைச் சுத்தி அடிக்கச் சொல்லு" என்றார்.