இருசக்கர வாகனத் தேர்வு உயர்மட்டக் குழு

நாடுகள் கூடி எல்லைக்கோடு போட்டபோதுகூட, சென்ற ஜூலை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த அளவுக்கு ஆழ்ந்த ஆலோசனை நடந்திருக்காது என்பது என் தாழ்மையான கருத்து. எல்லை போட்டவர்களுக்கு வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கும் சின்ன வேலைதான் இருந்தது. எங்களுக்கோ, ஸ்கூட்டரா மோட்டார் சைக்கிளா என்று தீர்மானிக்கும் வேலை இருந்தது.

விஷயம் இதுதான். என் மனைவி மாரீஸ்வரிக்கு ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறரைக்குப் போய் ஷட்டரைத் தூக்கி, வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களிடம் ரத்தம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். அஞ்சே முக்கால் பஸ் ஒன்று உண்டு. அது சில நாள் வரும். வந்தால், மில் ஷிப்டுக்குப் போகிற கூட்டம் படியில் தொங்கும். மாரீஸ்வரி அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்குப் போய்ச் சேருவாள்.

ஆறே முக்காலுக்கு எனக்கு போன் வரும். நிலையத்தின் உரிமையாளர் சுடலையம்மாள் பேசுவார்.

"தம்பி, உங்க வீட்டுக்காரி எங்க? சர்க்கரைக்காரங்க பத்துப் பேரு பச்சத்தண்ணி குடிக்காம நிக்காவ. ஒருத்தரு எதுத்த கடை வடைச்சட்டியவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காரு. அவரு அந்த வடையத் தின்னுட்டாருன்னா நான் என்னத்த டெஸ்ட் எடுக்க?"

நாலாவது முறை பேசியபோது அவர் வடையைப் பற்றிப் பேசவில்லை. "ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நேரத்துக்கு வர ஒரு ஏற்பாடு பண்ணலேன்னா ஒண்ணாந்தேதி வேற பிள்ளய வச்சுக்கிடுவேன்" என்றார். மாரீஸ்வரி அன்று சாப்பிடவில்லை. அந்த வேலைக்காக அவள் இரண்டு வருஷம் படித்திருந்தாள்.

"ஒரு வண்டி வாங்கிட்டா தீந்துச்சு. நாளைக்கே ஷோரூமுக்குப் போவமா?" என்று கேட்டாள்.

பாவம், அவசரக்காரி. வண்டி வாங்குவது கத்தரிக்காய் வாங்குவதா? நான் உடனே என் பெரியப்பா குருசாமிக்குத் தகவல் சொன்னேன். அவர் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்தையும் அது தானாகவே இல்லாமல் போகும் வரை பரிசீலிக்கும் ஆற்றல் உள்ளவர். ஜூலை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அவர் தலைமையில் 'இருசக்கர வாகனத் தேர்வு உயர்மட்டக் குழு' உதயமானது. என் சித்தி மகன் பாண்டிதுரை தொழில்நுட்ப ஆலோசகர். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் என்றாலும், யூடியூபில் வண்டி விமர்சனம் பார்ப்பதில் அவனை மிஞ்ச விருதுநகர் மாவட்டத்தில் ஆள் கிடையாது. அடியேன் செயலாளர். நூற்றெண்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, நடவடிக்கைக் குறிப்பேடு என்று மேலே எழுதினேன்.

"நானும் உக்காரவா?" என்று மாரீஸ்வரி கேட்டாள்.

"நீ எதுக்குத்தா செரமப்படுத? வேலைக்குப் போற அலுப்புல இருப்ப. நாங்க பாத்துக்கிடுதோம். நீ காப்பியப் போடு" என்றார் தலைவர். பெண்களின் அலுப்பைப் பற்றி இவ்வளவு அக்கறை கொண்ட ஒரு தலைமை இக்காலத்தில் அபூர்வம்.

முதல் கூட்டத்திலேயே மூன்று கருத்துகள் எழுந்தன. தலைவர் என் பக்கம் திரும்பி ஸ்கூட்டரை ஆதரித்தார்.

"ஏலே சூர்யா, வேட்டி கட்டிக்கிட்டு ஒருத்தன் பைக்குல காலத் தூக்கிப் போட முடியுமாலே? ஸ்கூட்டருன்னா முன்னால தட்டையா எடம் இருக்கு. ஒரு மூடை மாட்டுத் தீவனம் வைக்கலாம்."

மாரீஸ்வரி வேட்டி கட்டுவதில்லை, மாடும் வளர்க்கவில்லை. இருந்தாலும் தொலைநோக்கு என்றால் இதுதான்.

நான் மோட்டார் சைக்கிளை ஆதரித்தேன். என் வாதம் முழுக்க விஞ்ஞான அடிப்படையில் அமைந்தது. ஆடி மாதம் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று, ராஜபாளையம் ரோட்டில் போகிறவனைப் புளியமரத்தோடு ஒட்டிவிடும். சின்னச் சக்கர வண்டி ஆடும். பெரிய சக்கரம் நிலைத்து நிற்கும். பள்ளம் மேட்டில் குலுங்காது, மைலேஜும் கூடுதல். தவிர, கறுப்பு நிறத்தில், தங்கக் கோடு போட்ட ஒரு பைக்கில் நான் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் கண்ணாடி முன்னால் நின்று பார்த்ததற்கும் இந்த வாதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் ஆபீஸ் வீட்டிலிருந்து ஆறு நிமிஷ நடை.

தொழில்நுட்ப ஆலோசகர் எதையும் ஆதரிக்கவில்லை.

"அண்ணே, இப்ப வாங்குனா முட்டாத்தனம். தீபாவளிக்குப் புது மாடல் வருதுன்னு ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான். அது வந்த பொறவு, அதுல என்ன கொறைன்னு இன்னொருத்தன் போடுவான். அதையும் பாத்துட்டு முடிவெடுப்போம்."

இரண்டாம் வாரம் களஆய்வு. ராஜபாளையத்தில் ஒரு ஷோரூமுக்கு மூவரும் போனோம். ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியின் கொள்ளளவை அறிய, தலைவர் வீட்டிலிருந்தே இரண்டு தேங்காயும் ஒரு கிலோ பால்கோவாவும் கொண்டு வந்திருந்தார். தேங்காய் அடங்கியது. இஞ்சின் சூட்டில் பால்கோவா பாயசமானது. 'வெப்ப மேலாண்மையில் குறைபாடு' என்று எழுதிக்கொண்டேன். தலைவர் அதை மறுத்து, விரலால் வழித்துச் சாப்பிட்டு, 'சுவையில் பாதிப்பில்லை' என்று திருத்தம் கொண்டு வந்தார்.

அடுத்து தலைவரின் நாய். அசல் ராஜபாளையம் ஜாதி, பால் வெள்ளை, பெயர் கமிஷனர். ஸ்கூட்டரின் முன்தட்டில் அது கம்பீரமாக ஏறி நின்றது. பைக் டேங்கின் மேல் தூக்கி வைக்கப் போனபோது பாண்டிதுரையின் சட்டைக்காலரைக் கடித்துக்கொண்டு அவன் கையை விட்டு இறங்க மறுத்தது.

"பாத்தியாலே? வாயில்லாச் சீவனுக்குக்கூடத் தெரியுது" என்றார் தலைவர். கமிஷனரின் ஓட்டு ஸ்கூட்டருக்கு என்று பதிவானது. உறுப்பினரல்லாத நாய்க்கு ஓட்டுரிமை உண்டா என்று நான் எழுப்பிய ஆட்சேபம் ஒன்றே கால் மணி நேரம் விவாதிக்கப்பட்டு, நிராகரிக்கப்பட்டது.

விற்பனைப் பையன் குழம்பிப்போய்க் கேட்டான்: "ஸார், மேடத்துக்குத்தான் வண்டின்னு சொன்னீங்க. அவங்க வரலையா? ஒருக்கா உக்காந்து பாத்தா, கால் எட்டுதான்னு தெரியும்."

"அவளுக்கு வீட்டுல வேல கெடக்குல்லா" என்றார் தலைவர். ஷோரூம் ஆட்களுக்கு வேலையை விட வம்பு பெரிது.

குழுவின் செயல்பாடு நாட்டுக்கு உடனே பலன் தரத் தொடங்கியதை இங்கே பணிவுடன் குறிப்பிட வேண்டும். நாங்கள் களஆய்வு முடித்த மறுநாளிலிருந்து சுடலையம்மாளிடமிருந்து போன் வருவது அடியோடு நின்றுவிட்டது. ஒரு குழு கூடுகிறது என்கிற சேதியே நிர்வாகத்தை எப்படி நடுங்க வைக்கிறது! நான் இதைத் தனிப் பக்கத்தில் 'சாதனைகள்' என்று தலைப்பிட்டு எழுதினேன்.

மூன்றாம் கூட்டத்துக்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் வண்டி வாங்கலாமா என்ற கேள்வியை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தோம். துணைக்குழுவிலும் நாங்கள் மூவரே இருந்தபடியால், எழுந்து போய் இடம் மாறி உட்கார்ந்தோம். ஆடியில் வாங்கக் கூடாது என்று பெரியப்பா. ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம் என்று நான். ஆடி முடிந்து ஐப்பசியில் பார்க்கலாம் என்று பாண்டிதுரை. துணைக்குழு கருத்தொற்றுமை எட்டாமல் தாய்க்குழுவிடம் அறிக்கை தந்தது. நாங்கள் மறுபடி பழைய இடத்துக்கு வந்து அதை வாங்கிக்கொண்டோம்.

ஜூலை இருபத்தேழு. மாதம் முடிய நாலு நாள். ஆண்டாள் தேரோட்டம் நெருங்கி, ஊர் அமளிப்பட்டுக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து, "இனிமே மனுசன் கையில ஒண்ணுமில்ல. பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

இதில் குழப்பமே வராது. வெள்ளைப் பூ வந்தால் ஸ்கூட்டர். சிவப்பு வந்தால் பைக். இரண்டையும் தனித்தனி வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி, தெருமுனைப் பிள்ளையார் முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டியது. கடவுள் சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பொட்டலம் கட்டும் பொறுப்பு செயலாளரிடம் வந்தது. இறைவனுக்கு அன்று வேலை அதிகம் இருக்கும் என்பதை உத்தேசித்து, அவருடைய சிரமத்தைக் குறைக்கும் நிர்வாகக் காரணத்துக்காக மட்டும், நான் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினேன். கோயில் வரை தலைவர் அவற்றைத் தம் மஞ்சள் பையில் பாதுகாத்து வந்தார். அவர் கால் கழுவப் போனபோது பாண்டிதுரை பிடித்துக்கொண்டான். இப்படிப் பல கைகள் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதுதானே ஜனநாயகம்?

"எடுக்குதது மாரீசுவரி எடுக்கட்டும். பொம்பளையாளுக்கும் பங்கு குடுக்கணும்" என்றார் தலைவர். எனக்குக் கண் கலங்கியது.

மாரீஸ்வரி கும்பிட்டாள். ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நாரை அவிழ்த்தாள். வாழை இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

நாங்கள் மூவரும் எட்டிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. அவள் அடுத்ததையும் எடுத்து அவிழ்த்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

"அதெப்படி?" என்று துள்ளினார் பெரியப்பா. "நான் ரெண்டுலயும் நந்தியாவட்டைய வச்சுல்லா மாத்துனேன்!"

"நீங்க எதுக்குப் பெரியப்பா மாத்துனீங்க?" என்று எனக்குக் கோபம் வந்தது. "நான் ரெண்டுலயும் அரளிய வச்சுக் கட்டிக் குடுத்தேன்லா!"

இருவரும் பாண்டிதுரையைப் பார்த்தோம். அவன் செல்போனைப் பார்த்தான்.

"பூவே இல்லேன்னா, சாமி இன்னும் செத்த நாள் பொறுக்கச் சொல்லுதுன்னு அர்த்தம்லாண்ணே" என்றான். "தீபாவளிக்கு..."

பிள்ளையார் அசையவில்லை. மாரீஸ்வரி சிரிக்கத் தொடங்கினாள். முதலில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு பொத்தவும் முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

"சிரிக்கிறியேத்தா, நாலு நாளுதான் கெடக்கு. ஒன் வேல போயிரும்லா?" என்றார் தலைவர்.

"போகாது மாமா. நேத்தே நிரந்தரம்னு ஆர்டர் குடுத்துட்டாவ. ரெண்டு வாரமா ஆறு இருபதுக்கே ஷட்டரத் தொறந்துருதேன்."

"எந்த பஸ்ஸுல?"

"பஸ்ஸா? லேப்புல கூட்டிப் பெருக்குற இருளம்மாக்காவும் நம்ம வளாகந்தான். அவிய மொபெட்டுலதான் ரெண்டு பேரும் போறோம். போகயில அவிய ஓட்டுவாவ. வரயில நான். ஓட்டப் படிச்சே பத்து நாளாச்சு. அவிய சந்துக்குள்ள நிறுத்த எடமில்லன்னு நம்ம வாசல்லதான் நிக்கி."

என் மூளையில் ஒரு நீல மொபெட் மெல்ல உருவம் கொண்டது. தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அதன் ஹேண்டில்பாரில் பையை மாட்டிவிட்டுத்தான் நான் செருப்பைக் கழற்றுவேன். பக்கத்து வீட்டுக்காரருடையது என்று நினைத்திருந்தேன்.

"மொபெட்டா?" தலைவர் முகம் சுளித்தார். "அது நம்ம ஆய்வு வரம்புலயே வரலையேத்தா."

நான் குரலைக் கடுமையாக்கினேன். "இம்புட்டு நடந்திருக்கு. கட்டுன புருசங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா ஒனக்கு?"

மாரீஸ்வரி சிரிப்பை நிறுத்தினாள். "சொன்னேங்க. ரெண்டாவது ஞாயித்துக்கிழம, நீங்க மூணு பேரும் ஷோரூமுக்குக் கெளம்புததுக்கு முந்தி, கூடத்துக்கே வந்து சொன்னேன். நாளையிலேர்ந்து இருளம்மாக்கா கூடப் போறேன்னு. வேணும்னா ஒங்க நோட்டுல பாருங்க."

என் குறிப்பேட்டில் விட்டுப்போனது என்று எதுவும் கிடையாது. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. பிள்ளையார் சன்னதியிலேயே நின்று ஜூலை பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, தெளிவாக இருந்தது:

'காலை 9.10. மனைவியால் சிறு இடையூறு. உடனே சமாளிக்கப்பட்டது.'