காதறுந்த மாப்பிள்ளை

டயப்பரில் வாலுக்கு எந்த இடத்தில் ஓட்டை போடுவது என்று தெரியாமல், கையில் கத்தரிக்கோலோடு அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார் இம்மானுவேல். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் இரண்டு டன் பாரத்தை ஃபோர்க்லிஃப்டில் தூக்கி இம்மி பிசகாமல் அடுக்குகிற மனிதர். அந்தக் கைத்திறன் இங்கே செல்லுபடியாகவில்லை. முதல் ஓட்டை முதுகுப் பக்கம் விழுந்தது. இரண்டாவது ஓட்டை, வாலோடு சேர்த்து மறைக்க வேண்டியதையும் வெளியே காட்டியது.

"அங்கயே ஓட்ட போட்டா அப்புறம் இன்னாத்துக்கு டயப்பரு?" என்றாள் மனைவி ஹெலன்.

மூன்றாவதை மாட்டியதும் பிஸ்தா ஒரு சுற்றுச் சுற்றி அதைக் கழற்றியது. கிழித்தது. பஞ்சைக் கூடம் முழுக்க இறைத்துவிட்டு, வேலை முடிந்த திருப்தியில் படுத்துக்கொண்டது.

"ஒரு வாரம் பாத்துக்க டாடி" என்று பிஸ்தாவைக் குட்டியாக விட்டுவிட்டு வேலூருக்கு நர்சிங் படிக்கப் போனவள் மகள் ஷைனி. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. முதல் மாதம் 'நாய்' என்று சொன்ன இம்மானுவேல் இப்போது 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். பாப்பாவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யக் கூட்டிப்போனபோதுதான் டாக்டர் காயத்ரி கையை விரித்துவிட்டார்.

"ஹீட்ல இருக்கு சார், இணை சேர்ற பருவம். இப்ப ஆபரேஷன் பண்ணா ரத்தம் நிறைய போகும். மூணு வாரம் வெளிய விடாம பாத்துக்குங்க. ஆண் நாய் எதுவும் கிட்ட வரக் கூடாது. ஒல்லி உடம்பு, இன்னும் ஒரு வயசுகூட ஆகல. இப்பக் குட்டி தங்கிட்டா இது தாங்காது."

'தாங்காது' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் இம்மானுவேல் நேராகக் கடைக்குப் போய் டயப்பர் வாங்கினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே ஏழு நாய்கள். ஆறு நாய்கள் ஒன்றையொன்று குதறிக்கொண்டிருந்தன. ஏழாவது, காது நுனி பறிபோன ஒரு செம்மட்டை நாய், கேட்டை ஒட்டி வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. மற்றதில் எது ஓரடி முன்னால் வந்தாலும் பாய்ந்து விரட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தது.

"போட்டிக்கே ஆளு இருக்கக் கூடாதாம். இன்னா தில்லு பாரு" என்றார் இம்மானுவேல். "மாமனாருன்னு ஒரு மரியாத இல்ல. முதுவக் காட்டிக்கினு குந்தினுகீது."

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வாடை தெரியாமலிருக்க வாலில் தைலம் தடவச் சொன்னார் ஷிப்ட் கூட்டாளி ஒருவர். தடவினார். பிஸ்தா பதினைந்து தும்மல் தும்மிவிட்டு, ஹெலன் சர்ச்சுக்குக் கட்ட எடுத்துவைத்திருந்த புடவையில் வாலைத் துடைத்துக்கொண்டது. அடுத்து கேட்டைச் சுற்றிப் பினாயில் ஊற்றினார். என்ன விசேஷம் என்று பார்க்க அடுத்த தெரு நாய்களும் வந்து சேர்ந்தன. ஏழு, பதினொன்று ஆயிற்று.

"தலைவன ஒழிச்சா கூட்டம் கலைஞ்சிடும்" என்று முடிவு கட்டினார் இம்மானுவேல். நண்பரின் லோடு ஆட்டோவில் ஒரு பன்னைப் போட்டார். மாப்பிள்ளை தானே ஏறி உட்கார்ந்தது. கொண்டுபோய்த் தேர்வாய் கண்டிகையில் இறக்கிவிட்டு, ஜெயித்த முகத்தோடு திரும்பி வந்தால், பத்து நாய்களும் காம்பவுண்டுச் சுவரில் தாவிக்கொண்டிருந்தன. ஒன்று துவைக்கும் கல் வரை வந்துவிட்டது. இரண்டு நாள் ஹெலன் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனி பஸ் வாசலில் நின்றது. டிரைவர் ஜெகன் படியில் நின்று குரல் கொடுத்தான்.

"இன்னாண்ணே, உங்க நாய அங்கயே வுட்டுட்டு வந்துட்டீங்க? கம்பெனி கேட்டாண்ட அழுதுக்கினு நின்னுச்சு. தெனம் உங்க ஊட்டு வாசல்ல பாக்குற மொகமாச்சே! ஜன்னல் சீட்டு குடுத்துக் கூட்டியாந்துட்டேன்."

மாப்பிள்ளை கம்பீரமாக இறங்கியது. அரை மணி நேரத்தில் சுவரடியைக் காலி செய்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, வழக்கம்போல முதுகைக் காட்டி.

பதினெட்டாம் நாள்தான் வினை. கேஸ் சிலிண்டர் வந்தது. ஹெலன் கதவைத் திறந்தாள். சிலிண்டர் உள்ளே வந்தது, பிஸ்தா வெளியே போனது.

இம்மானுவேல் லுங்கியோடு தெருத்தெருவாக ஓடினார். "பாப்பா! பாப்பா!" என்று அவர் கதறியதைக் கேட்டு டீக்கடையே எழுந்து வந்துவிட்டது.

"எத்தினி வயசுண்ணே?"

"பதினோரு மாசம்."

"இன்னா டிரஸ்ஸு?"

"டயப்பரு மட்டுந்தான்."

பத்துப் பேர் பதறியடித்துத் தேடினார்கள். விஷயம் தெரிந்ததும் ஒன்பது பேர் டீக்கடைக்குத் திரும்பினார்கள். பத்தாவது ஆள் திட்டிவிட்டுத் திரும்பினார்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பிஸ்தா தானாகவே வந்தது. உடம்பெல்லாம் சேறு. பக்கத்திலேயே தோளோடு தோள் உரசிக்கொண்டு மாப்பிள்ளை. அதன் மூக்கில் புதிதாக ஒரு கடி, ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"கல்யாணத்த முடிச்சுக்கினே வந்துட்டாங்க" என்றாள் ஹெலன்.

இம்மானுவேல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். ஷைனியிடம் என்ன சொல்வது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. இந்த ஒல்லிக்குச்சி உடம்பு எப்படித் தாங்கும் என்றே திரும்பத் திரும்பப் புலம்பினார்.

டாக்டருக்கு போன் போட்டார். "ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் காயத்ரி.

அந்த ஒரு மாதம் பிஸ்தாவுக்குத் தினம் இரண்டு முட்டை, ஈரல், கேழ்வரகுக் கஞ்சி. வயிறு உருண்டு திரண்டது. அதைப் பார்க்கப் பார்க்க இம்மானுவேலின் ஜெபமும் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் எல்லோரும் எழுந்த பிறகும் அவர் முழங்காலிலேயே இருந்தார்.

"இனிமே அத்த வெளிய நிறுத்தி இன்னா பண்றது?" என்றாள் ஹெலன். "பொறக்கப் போற குட்டிங்களுக்கு அப்பன் வேணாமா?"

மாப்பிள்ளைக்குக் கேட் திறந்தது. மூக்குக் காயத்துக்கு மஞ்சள் வைத்தார்கள். தனித்தட்டு கொடுத்தார்கள். "பாப்பாக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்" என்று மிரட்டியபடியே அதன் தட்டிலும் ஒரு முட்டையை உரித்துப் போட்டார் மாமனார்.

குறித்த நாளில் ஆட்டோ ஏறினார்கள். மாப்பிள்ளையும் ஏறிக்கொண்டது. ஆஸ்பத்திரி வந்ததும் உள்ளே வராமல், படியில் சாலையைப் பார்த்து உட்கார்ந்தது.

டாக்டர் பிஸ்தாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இம்மானுவேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"குட்டி எதுவும் இல்ல சார். எல்லாம் நீங்க போட்ட முட்டை. கொஞ்சம் குறைங்க. அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணிடலாம்."

இம்மானுவேல் பிஸ்தாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஹெலன் டாக்டருக்கே கொடுத்திருப்பாள், நடுவில் மேஜை இருந்தது. அப்புறம்தான் இம்மானுவேலுக்குச் சந்தேகம் வந்தது.

"அது எப்டி மேடம்? ரெண்டு மணி நேரம் ரோட்டுல சுத்திச்சே! அதுவும் மாப்ள கூட!"

"எந்த மாப்ள?" என்று வாசலை எட்டிப் பார்த்தாள் உதவியாளர் கல்பனா. அவளைக் கண்டதும் பத்து நாய்களைப் பந்தாடிய மாப்பிள்ளை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து, இம்மானுவேலின் லுங்கிக்குப் பின்னால் ஒளிந்தது.

கல்பனா சிரித்துவிட்டாள்.

"இதுவா மாப்ள? நைனா, இது பொட்ட நாயி! மூணு வருஷம் முன்ன இதுக்கு ஆபரேஷன் பண்ணி, அடையாளத்துக்குக் காத வெட்டி வுட்டதே நாங்கதான். அன்னிலேர்ந்து எந்த ஊட்டுப் பொண்ணு ஹீட்டுக்கு வந்தாலும், வாசல்ல போயி காவலுக்குக் குந்திக்கும்!"