பதினோரு கத்திகளும் ஆறு சுற்று டேப்பும்

திருட்டுத்தனமாக ஒரு பொருளைச் சேர்க்கிறவனுக்கு அதை ஒளித்து வைப்பதே முழுநேர உத்தியோகம். சிலர் பாட்டிலை ஒளிப்பார்கள். நான் மடக்குக் கத்திகளை ஒளித்தேன். சொல்லவே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

ஒரே கைப்பிடிக்குள் கத்தி, கத்தரி, ரம்பம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் மடங்கிக் கிடக்குமே, அந்த ஜாதி. தக்கை பிடுங்கும் சுருள் கம்பிகூட இருக்கும் (ஆந்திர எல்லையில் நகரியில் எங்கள் வீட்டுக்குள் தக்கை போட்ட பாட்டில் இதுவரை நுழைந்ததில்லை). சத்தியவேடு பக்கம் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அதை விரித்து மடக்குவதுதான் எனக்கு ஓய்வு.

"இருக்கறது ரெண்டு கை. எத்தினி கத்தி வேணும்?" என்று மனைவி சுமதி கேட்பாள். மகளுக்குத் திருமலையில் மொட்டை போட்ட அன்று, இனி ஒன்றுகூட வாங்க மாட்டேன் என்று பெருமாள் சாட்சியாக அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். இருந்ததையெல்லாம் ஊருக்குத் தானம் செய்தேன். அடுத்த வருஷத்துக்குள் புதிதாகப் பதினொன்று சேர்ந்துவிட்டன. பரணில் கிடந்த பழைய சூட்கேஸின் உள்துணிக்கு அடியில் அவை சுகமாக இருந்தன.

அப்போதுதான் சுமதியின் தம்பி குமரேசனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. திருமலையில், காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம். நாத்தனார் முடிச்சு போடவேண்டியவள் சுமதி. ஒரே தம்பி என்பதால் ஒரு மாதமாக அவளுக்கு அதே பேச்சு. தாலியைப் பத்திரமாகப் பொதிந்து தரும் பொறுப்பு எனக்கு வந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஆறு சுற்று டேப் ஒட்டினேன்.

"இன்னா மாப்ளே, பார்சல் ஆபீசுக்கா அனுப்பறீங்க?" என்றார் மாமனார்.

"பிரிக்கறதுக்கு நானாச்சு மாமா."

கத்தி வைத்திருப்பவனுக்குப் பிரிக்க முடியாத பொருளே கிடையாது என்ற திமிர். மலைக்குக் கத்தி கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அந்தத் திமிரில் எனக்கு உறைக்கவே இல்லை.

கல்யாணத்தன்று நான் வேனுக்கு டீசல் போட்டு வருவதற்குள், பெட்டி போதவில்லையென்று சுமதி பரணிலிருந்த சூட்கேஸை இறக்கிப் பட்டுப்புடவைகளை அடுக்கியிருந்தாள். அலிபிரி சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கிப் பெட்டிகளை மெஷினில் விட்டபோதுதான் அது என் கண்ணில் பட்டது. மெஷின் நின்றது.

"ஈ பெட்டி எவரிதண்டி?" என்று, யாருடைய பெட்டி என்பதைத் தெலுங்கில் கேட்டார் காவலர்.

"நாதே," என்று பெருமையாக முன்னால் போனாள் சுமதி.

அவர் புடவைகளை ஓரமாக எடுத்து வைத்து, உள்துணியை விலக்கி, ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். "பதகொண்டு," என்றார் எண்ணி முடித்து. எதற்கு இத்தனை என்று கேட்டார்: "எந்துகண்டி இன்னி?"

"கலெக்ஷன் சார்," என்றேன் பின்னாலிருந்து. பின்னால் வரிசையில் நின்ற பெண் வீட்டார் வேனிலிருந்து ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள் என்று அவர் மரியாதையாகவே சொன்னார்.

"போட்டுட்டு வாங்க. நேரமாவுது," என்றாள் சுமதி. குரலில் கோபம்கூட இல்லை.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. "நீங்க போய்க்கினே இருங்க. இத எங்கனா வச்சுட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்," என்றேன். அவள் வேனில் ஏறினாள்.

கத்திகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைகடையாக அலைந்தேன். டீக்கடைக்காரர் பையைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிக் கொடுத்தார். செருப்பு வைக்குமிடத்தில் செருப்பு மட்டும்தான் என்றார்கள். கடைசியில் தேங்காய் விற்கும் அம்மாள் ஒருவர் கூடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தபோது மணி பத்தாகிவிட்டது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது குமரேசனும் பெண்ணும் மாலையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

நடந்ததை மாமியார் சொன்னார். டப்பா திறக்கவில்லை. நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள், வேன் சாவியால் குத்தியிருக்கிறார்கள். "தொந்தரகா, தொந்தரகா" என்று புரோகிதர் அவசரப்படுத்த, அடுத்த ஜோடி பின்னால் காத்திருக்க, ஊரே மொட்டையடித்துக்கொள்ளும் மலையில் அவசரத்துக்கு ஒரு பிளேடு அகப்படவில்லை. கடைசியில் பட்டுப்புடவையோடு சுமதி டப்பாவைப் பிடுங்கிக் கடித்திருக்கிறாள். டேப் வந்தது. கூடவே முன்பல்லில் ஒரு துணுக்கும் வந்தது.

கல்யாண ஆல்பத்தில் நான் இல்லை. நாத்தனார் முடிச்சு போடும் படத்தில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். குமரேசன் வீட்டில் எந்தப் பார்சல் வந்தாலும், "அக்காவக் கூப்புடு, பிரிக்கணும்," என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வான்.

தேங்காய்க்கார அம்மாள் பதினொன்றையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சுமதி அவற்றைத் தூக்கி எறியவில்லை. சமையலறை டிராயரில் அவளே அடுக்கி வைத்திருக்கிறாள். பத்து வருஷமாக, தினமும் காலையில் அந்த டிராயருக்கு எதிரில் நின்றுகொண்டு பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிக்கிறாள்.

இன்றைக்கும் ஒன்றை எடுத்து விரித்து நீட்டினேன்.

"வேணாம்," என்று உடைந்த பல்லைக் காட்டினாள். "என்னாண்ட இருக்குது."