ஐஸ்பெட்டி அண்ணாச்சியின் நாலு அங்குலச் சுவர்

தூத்துக்குடியில் வெயிலைச் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மற்ற எல்லோரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சமாதானமாகப் போய்விட்டார்கள். ஐஸ்பெட்டி அண்ணாச்சி மட்டும் கடைசிவரை உடன்பாட்டுக்கு வரவில்லை.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கும் ரேஷன் கார்டுக்கும் அது தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தேவைப்படவில்லை. எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்து ஊரெல்லாம் லாரி ஓடிக்கொண்டிருந்த சமயம், நான் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக அண்ணாச்சி இருந்த தெருவுக்குக் குடிவந்தேன். அண்ணாச்சி இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தச்சர். குளிர் அறைக்குச் சுவர் அடைப்பது அவர் வேலை. இரண்டு பலகை, நடுவில் வெள்ளைத் தெர்மோகோல், அவ்வளவுதான் சுவர். உள்ளே இறால் கல்லாக உறைந்து கிடக்கும். அதே சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணாச்சி சட்டையைப் பிழிந்துகொண்டு நிற்பார். பத்து வருடம் அப்படி நின்ற மனிதருக்கு ஒருநாள் ஒரு கேள்வி வந்துவிட்டது.

"செத்த இறாலுக்கு இம்புட்டு சொகுசு. உசிரோட இருக்கவனுக்குத் தகரமா?"

தகரம் என்றது அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் கூரையை. அந்தச் சித்திரையில் அவர் மனைவி பிரகாசி அக்கா, சோறு வடித்துக்கொண்டிருந்தவர், அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். சேதி கேட்டு வேம்பாரிலிருந்து அவருடைய அண்ணன்மார் இருவர் பஸ் ஏறி வந்தார்கள். கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். மூத்தவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"மாப்பிள, வீடுன்னு ஒண்ணு கட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க."

அடுத்த பஸ்ஸில் அக்கா போய்விட்டார். ஆடியில் வரும் பனிமாதா திருவிழாவுக்குள் வீட்டைக் கட்டி அவரைக் கூட்டி வருவதாக அண்ணாச்சி சபதம் செய்தார். திருவிழாவுக்கு மூன்று மாதம் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் செங்கல்லுக்குச் சொல்லியிருப்பார்கள். தெருமுனை டீக்கடையில் கொத்தனார் ஒருவர் அதற்காகவே உட்கார்ந்திருந்தார். அவரிடம் அண்ணாச்சி செங்கல்லைப் பற்றிப் பேசியதை நான் கூடவே இருந்து கேட்டேன். செங்கல்லுக்குத் தாய் தகப்பன் இருந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

"உம்ம ஒம்பது அங்குலச் சுவரு பகல் பூரா வெயிலைக் குடிக்கும். பொழுது சாஞ்சதும் குடிச்சதையெல்லாம் நம்ம மேல கக்கும். அதைச் சுடுறதுக்குச் சூளையில எத்தனை வண்டி உடைமர விறகு எரிச்சிருப்பாம்னு நினைக்கீரு? ஒரு காட்டை எரிச்சிட்டு வந்து, அந்தச் சூட்டுக்குள்ள உக்காந்து விசிறிக்கிட்டு இருக்கோம்."

"அப்ப எதுல கட்டப் போறீரு?"

"காத்துல. காத்தைப் புடிச்சு ரெண்டு பலகைக்கு நடுவுல அடைச்சு வச்சா அதான் சுவரு."

கொத்தனார் கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஊருக்குப் புதிது என்பதால் தெருவைப் பார்த்தேன்.

ஆனால் அண்ணாச்சியின் கணக்கில் ஓட்டை இல்லை. ஒரு மூட்டை சிமெண்டுக்குக்கூடப் பெர்மிட் வாங்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்த காலம் அது. கடல் மணலில் கனத்த சுவருக்கு ஆழமாக அஸ்திவார வானம் தோண்ட வேண்டும். கம்பியை உப்புக்காற்று தின்றுவிடும். அவருக்கு இவை எதுவுமே வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்துக்கு இயந்திரம் வந்த பெட்டிகளின் ஒட்டுப்பலகையை விறகு விலைக்கு ஏலத்தில் எடுத்தார். அவர் சொன்ன காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கும் தெர்மோகோலை, கம்பெனியில் கழித்துப் போட்டதாகக் கேட்டு வாங்கினார். பலகையோடு பசை போட்டு ஒட்டி, மேலே பாரம் ஏற்றிக் காயவைத்து, வெளிப்பக்கம் வள்ளத்துக்குப் பூசும் தாரைப் பூசினார். உள்பக்கம் தீப்பிடிக்காமல் இருக்க ஆஸ்பெஸ்டாஸ் அட்டை அடித்தார். மொத்தம் நாலு அங்குலம்.

இதையெல்லாம் செய்தது கடற்கரை ஓரத்துக் கொட்டகை ஒன்றில். வீடு எழும்ப வேண்டிய துண்டு நிலம் எங்கள் தெருக்கோடியில். ஒருவர் தலையிலேயே தூக்கிவிடக்கூடிய சுவர் என்பதில் அண்ணாச்சிக்கு அவ்வளவு பெருமை. அது ஆடி மாதம் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

காற்று அவரைக் கொட்டகை வாசலிலேயே பிடித்துக்கொண்டது. முதல் சுவரைத் தலையில் வைத்தபடி, தோணி பாய் விரித்த மாதிரி, அண்ணாச்சி எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். தன் நிலத்தைப் பார்த்தார். நிற்க முடியவில்லை. "ஏலே, புடிங்கலே" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே அதைக் கடந்து போனார். நாங்கள் நாலு பேர் பின்னால் ஓடினோம். மீன் சந்தையில் கூடைகள் தானாக விலகி வழிவிட்டன. சந்தைக்கு அந்தப்பக்கம் ஒரு போலீஸ்காரர் மேல் மோதித்தான் சுவர் நின்றது.

"யாரு வீட்டுச் சுவருவே இது?"

"என் வீட்டுது."

"வீடு எங்க?"

"இனிமேதான்."

இரண்டாவது சுவரிலிருந்து மாட்டுவண்டி வைத்தார்.

அடுத்து முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்தார். நல்ல பாரமான மனிதர். சுவரை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இது அட்டைப் பெட்டிவே. எங்க ரூல்ல இதுக்கு இடமே கிடையாது. மேல கூரையை வச்சா தாங்குமா?" என்றார். அண்ணாச்சி மிச்சமிருந்த ஒரு சுவர்ப்பலகையை இரண்டு முக்காலிகளுக்குக் குறுக்கே போட்டு, "உக்காருங்க சார், டீ சொல்லுதேன்" என்றார். ஓவர்சியர் உட்கார்ந்தார். டீ வந்தது. துணைக்கு அவருடைய பியூனை உட்காரச் சொன்னார் அண்ணாச்சி. பிறகு என்னை. பிறகு வேடிக்கை பார்க்க வந்த கொத்தனாரை. பிறகு டீ கொண்டுவந்தவரையும். ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்து முடித்தோம். பலகை வளையவில்லை. தான் உட்கார்ந்திருக்கும் பொருளைப் பலவீனமானது என்று எழுத ஓவர்சியருக்கு மனம் வரவில்லை. படிவத்தில் ‘சுவரின் வகை’ என்ற இடத்தில் ‘இதர’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எட்டே நாளில் வீடு நின்றது. கூரையும் அதே நாலு அங்குலப் பலகைதான். ஒரு பெரிய அறை, பின்னால் சாய்ப்பில் அடுப்படி, வடக்கே பார்த்து ஒரு சின்ன ஜன்னல். கொத்தனார் மட்டும் விடவில்லை. "வெக்கை தெரியாதுன்னு இவரா சொல்லிக்கிட்டா ஆச்சா?" என்றார். அண்ணாச்சி ஐஸ் கம்பெனியிலிருந்து இரண்டு முழு ஐஸ் கட்டிகள் வரவழைத்தார். ஒன்று கொத்தனாரின் செங்கல் வீட்டுக்குள், ஒன்று தன் வீட்டுக்குள். காலையில் இரண்டு வீட்டையும் பூட்டினோம். சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்தபோது கொத்தனார் வீட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு இருந்தது. மிச்சமெல்லாம் அவர் மனைவி உலர்த்தி வைத்திருந்த வத்தல் சாக்குக்குள் போயிருந்தது. அன்று அவரிடம் நாங்கள் யாரும் மேற்கொண்டு வாதாடவில்லை. அவர் மனைவி வாதாடிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வீட்டுக் கட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இதைப் பார்க்கவென்றே வேம்பாரிலிருந்து மூத்த மைத்துனரை வரவழைத்திருந்தார். மைத்துனர் ஐஸை எடுத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளித் துண்டை விரித்துப் படுத்தார். விளக்கேற்றும் நேரத்தில் எழுந்து, "தங்கச்சியை நாளைக்கே அனுப்பி வைக்கேன்" என்றார்.

பிரகாசி அக்கா திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார். அந்த வருடம் மின்வெட்டு வேறு. ஊரே விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி வீட்டில் ஃபேனே கிடையாது. கரண்ட் போனதை மறுநாள் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்வார். ஆறாம் நாள் காலையில் அக்கா டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வந்து நின்றார். கதவு திறந்திருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"என்னளா குறை? குளுகுளுன்னு இல்லையா?"

"குளுகுளுன்னுதான் இருக்கு. கல்லறையும் அப்படித்தான் இருக்கும். சாளை மீன்காரி கூவிட்டுப் போனது காதுல விழல. கோயில் மணி கேக்கல. எதுத்த வீட்டுல மாமியாளும் மருமகளும் அப்படி அடிச்சிக்கிட்டாகளாம், ரெண்டு நாள் கழிச்சு எனக்கு அடுத்த தெருவுல சொல்லுதாக. நான் இதே தெருவுலதான குடியிருக்கேன்?"

வெப்பம் நுழையாத சுவரில் சத்தமும் நுழையாது என்பதை அண்ணாச்சி அதுவரை ஒரு லாபமாகவே எண்ணியிருந்தார். வாசல்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பத்து மணி பஸ் போய்விட்டது. பிறகு அண்ணாச்சி எழுந்து, ரம்பத்தை எடுத்துவந்து, தெருப்பக்கச் சுவரில் ஒரு ஆள் சாய்ந்து நிற்கும் அகலத்துக்கு ஜன்னல் அறுக்க ஆரம்பித்தார். தெர்மோகோல் மணிகள் காற்றில் தெரு முழுக்கப் பறந்தன. தெருவில் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேலும் எங்கள் தலையிலும் வெள்ளையாக விழுந்தன. பனிமாதா திருவிழாவுக்குப் பனி பெய்ததாக அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

"எம்புட்டு வெக்கை உள்ள வரும்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றார் என்னிடம், ரம்பத்தை நிறுத்தாமல். "அவ இருக்கணும்லா."

அடுத்த சித்திரையில் எனக்குக் கடும் காய்ச்சல். மொட்டை மாடியில் என் அறைக்கும் சூளைக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டாம் நாள் அண்ணாச்சி மேலே ஏறிவந்து, "இங்கன கிடந்தா வெந்துருவீரு" என்று கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். எனக்கு வெக்கை வராமல் தெருப்பக்க ஜன்னலை அக்கா சாத்தினார். மூன்று நாள் கிணற்றுக்குள் கிடப்பதுபோல் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மதியம் காய்ச்சல் விட்டு விழிப்பு வந்தது. வீட்டில் யாரும் இல்லை. கதவைத் திறந்தேன். வெளியே, சுவர் ஓரத்தில் கையகலம் விழுந்திருந்த நிழலில், இரண்டு முக்காலிகளில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எதிர்வீட்டுச் சண்டையைக் கவனித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அக்காவுக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மூன்று மதியமும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

"உள்ள வெக்கையா இருக்கா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப எதுக்கு எந்திரிச்சீரு? போயிப் படும். வெயிலு இன்னும் இறங்கல."

போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இருந்தாலும் வெயில் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.