கை நனைத்த பெரியப்பா

கழுத்தில் கேமரா தொங்க ஆரம்பித்தால் மூளை கொஞ்சம் கீழே இறங்கிவிடும். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். ("கண்ண மூடாதீங்க, தாடைய எறக்குங்க." என் கலை வாழ்க்கை அவ்வளவுதான்.) கிரிவலப் பாதையில் வெள்ளைக்காரர்கள் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பெரியவரின் முகச் சுருக்கத்தை மணிக்கணக்கில் படம் பிடிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. முதியவர்களின் கதையை உலகுக்குச் சொல்லியே தீர்வது என்று கிளம்பினேன். உலகம் அப்படி எதுவும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

பௌர்ணமியை ஒட்டிக் கண்காட்சி வைக்க ஒரு சின்ன ஹால் கிடைத்தது. நடுவில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும். அகப்பட்டவர் கீழ்பென்னாத்தூரில் இருந்த என் பெரியப்பா கோவிந்தசாமி. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் நல்லது கெட்டதுக்கு முன்னே நிற்பவர் அவர்தான்.

போட்டோ என்றதும் மீசைக்கு மை அடித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தங்கக் கலர் வாட்ச்சுடன் வந்து நின்றார். எனக்குப் பெருத்த ஏமாற்றம். இவ்வளவு வசதியான முதுமையை வைத்துக்கொண்டு எப்படிக் கலை வளர்ப்பது?

"பெரியப்பா, சட்டைய கழட்டிடுங்க. வாட்ச்சும் வேணாம்."

கழற்றினார்.

"பல்செட்டையும் எடுத்துட்டீங்கன்னா..."

"பல்லையுமா? இன்னாடா படம் இது?" என்று முனகிக்கொண்டே எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். இடிந்த மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் உட்காரவைத்தேன்.

"ஏக்கமா பாருங்க."

"எதுக்குடா ஏங்கணும்?"

"மழை பெய்யலன்னு நெனச்சுக்குங்க."

"அதான் நமக்கு போர்வெல் கீதே."

பிறகு, அந்தக் காலத்தில் பாறையை உடைத்துத் தான் கிணறு வெட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பேசினால் முகம் ஆடுகிறது, வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன். (முதியவர்களின் கதையைச் சொல்லக் கிளம்பியவன் நான்தான்.) படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே 'யாருமற்றவர்' என்று எழுதி மாட்டினேன்.

அதே சமயம் என் தங்கை தேன்மொழிக்கு வேங்கிக்காலில் ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. பெண் பார்த்துவிட்டுக் காபியோடு போயிருந்தார்கள். பேச்சு முடிகிறவரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். தேன்மொழிக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. பூ வைக்க நாள் பார்ப்பதுதான் பாக்கி. பெண் பார்த்த அன்று பெரியப்பாதான் முன்னே நின்று பேசினார். நான் மட்டும் வீட்டில் இல்லை. ஸ்டூடியோ இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்தேன்.

கண்காட்சியின் முதல் நாள் ஒரு தம்பதி வந்தார்கள். பெரியப்பா படத்தின் முன் அந்த அம்மா நின்றவர் நின்றவர்தான். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானாகவே போய் விளக்கினேன்.

"சாப்பிட்டு ரெண்டு நாளாச்சும்மா, பாவம்."

"சொந்தக்காரங்க யாரும் இல்லியா?"

"இருக்காங்க. இருந்து என்ன பிரயோஜனம்?"

கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஊரு கீழ்பென்னாத்தூரா?"

"ஆமா சார், எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

அவர் உடனே மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மனிதர் கலையில் கரைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை தரகர் வந்தார். "சம்பந்தம் வேணாம்னுட்டாங்க. பட்டினி கெடக்கிற பெரியவருக்குச் சட்ட மாட்டி, வாட்ச் கட்டி, பொண்ணு பாக்கிற அன்னிக்கு வேஷம் போட்டுக் கூட்டியாந்தீங்களாம். படம் எடுத்தது யாருன்னு விசாரிச்சா உங்க ஊட்டுப் புள்ளயாம். அதுவே வாயால சொல்லுச்சாம்."

அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தேன்மொழி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டபோதுதான் எனக்கு முதன்முதலாக வெட்கமாக இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் பெரியப்பா பஸ் ஏறி வந்தார். நேராக ஹாலுக்குப் போய்த் தன் படத்தை மேலும் கீழும் பார்த்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எட்றா ஆட்டோவ," என்றார்.

வேங்கிக்காலில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். சட்டையையும் வாட்ச்சையும் கழற்றி என் பைக்குள் திணித்தார். பல்செட்டைத் துண்டில் முடிந்துகொண்டார். கேட்டைப் பிடித்தபடி, நான் சொல்லிக் கொடுத்த அதே ஏக்கப் பார்வையுடன் நின்றார். சரியான மதிய வேளை. (மழை பெய்யவில்லை என்று இந்தத் தடவை உண்மையிலேயே நினைத்திருப்பார் போல.)

கதவைத் திறந்த அந்த அம்மா பதறிப்போனார். "ஐயோ, நீங்களா? உள்ள வாங்கய்யா, மொதல்ல சாப்பிடுங்க." யோசிக்காமல் இலையைப் போட்டுச் சோற்றை வைத்துச் சாம்பாரை ஊற்றிவிட்டார். பெரியப்பா நிதானமாகப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டார். பிறகு இடது கையால் முடிச்சை அவிழ்த்துப் பல்லை மாட்டினார். என்னைப் பார்த்து, "சட்டைய குட்றா," என்றார்.

உள்ளே இருந்து வந்த வீட்டுக்காரர் இலையையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க இது? கை நனைச்சிட்டீங்களே."

"நனைச்சாச்சு. இனிமே இன்னா பண்ண முடியும்?" என்று இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார் பெரியப்பா.

"இப்டி ஏமாத்திப்புட்டீங்களே."

"போட்டோவப் பாத்து நீங்களா ஏமாந்தீங்க. ஆனா பட்டினின்னு நெனச்சதும் கேள்வியே கேக்காம எல போட்டீங்க பாருங்க. எம்பொண்ணு இந்த ஊட்டுக்குத்தான் வரணும்."

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் பெரியப்பா கிணறு வெட்டிய கதையை முழுசாகச் சொன்னார். பாறை உடைந்தது, தண்ணீரைப் பார்த்ததும் பெரியம்மா இடுப்பளவு இறங்கி நின்று அழுதது எல்லாம் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். கதையின் நடுவில், சோற்றுக் கையை ஓங்கியபடி, "இப்ப எட்றா படம்," என்றார். கண்காட்சியின் கடைசி நாள் அந்தப் படத்தைத்தான் நடுவில் மாட்டினேன். கீழே எழுதவேண்டியதை அவரே சொன்னார்: 'கோவிந்தசாமி, கீழ்பென்னாத்தூர். கிணறு வெட்டியவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.'

தங்கை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்திலும் வயதானவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்து எனக்குப் போஸ் கொடுத்ததில்லை. இலை போட்டுச் சோறு வைத்தால்தான் கேமரா பக்கமே திரும்புவார்கள். தேன்மொழி வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கின்றன. பெரியப்பா சாம்பாரோடு, அவள் மாமனார் மோரோடு, எங்கள் அம்மா வாயில் அப்பளத்தோடு. புதிதாக வருகிறவர்கள், "முன்னாடி இங்க மெஸ்ஸு நடத்துனீங்களா?" என்று கேட்கிறார்கள். தேன்மொழி என்னைக் கை காட்டி, "இல்லீங்க, எங்கண்ணன் போட்டோகிராபர்," என்கிறாள்.